போராளியின் பெயரைப் பல்கலைக்கழகத்தில் பதிப்பது எப்படி: மனு முதல் பெயர்ப்பலகை வரை முழுமையான வழிகாட்டி

2023 நவம்பர் 2-ஆம் தேதி மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பட்டமளிப்பு விழா நடந்தது. விடுதலைப் போராட்ட வீரர் என். சங்கரய்யாவுக்கு அன்று கௌரவ முனைவர் பட்டம் கொடுத்திருக்க வேண்டும். ஆட்சிக்குழு (சிண்டிகேட்) ஒப்புக்கொண்டிருந்தது, ஆட்சிப்பேரவை (செனட்) ஒப்புக்கொண்டிருந்தது. வேந்தரான ஆளுநரின் கையெழுத்து மட்டும் கடைசி வரை வரவில்லை. இணைவேந்தரான உயர்கல்வி அமைச்சர் விழாவுக்கு வராமல் புறக்கணித்தார். 13 நாள் கழித்து, நவம்பர் 15-ஆம் தேதி, சங்கரய்யா காலமானார்.

அவர் 1941-ல் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பி.ஏ. மாணவர். இறுதித் தேர்வுக்குச் சில நாட்களே இருந்தபோது பிரிட்டிஷ் அரசு அவரைக் கைது செய்தது. தேர்வும் போனது, பட்டமும் போனது. வாழ்நாளில் மொத்தம் எட்டு ஆண்டுகள் சிறையில் கழித்தார். 1947 ஆகஸ்ட் 14 அன்றுதான், சுதந்திரத்துக்கு முந்தைய நாள், மதுரைச் சிறையிலிருந்து வெளியே வந்தார். அதே ஊர்ப் பல்கலைக்கழகம் 82 ஆண்டுகளுக்குப் பிறகு அவரை அழைத்து ஒரு பட்டம் கொடுத்திருந்தால் அது எப்படிப்பட்ட நாளாக இருந்திருக்கும்! நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

நானும் இந்த மாதிரி வேலையில் இரண்டு முறை இறங்கியிருக்கிறேன். ஒரு தியாகியின் பெயரை நூலகக் கட்டடத்துக்கு வைக்கச் சொல்லிக் கொடுத்த மனு நிறைவேறியது. இன்னொரு பெரியவருக்குக் கௌரவப் பட்டம் கேட்டு அலைந்தது வீணாய்ப் போனது. கோப்பு மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருந்தபோதே அவர் கண்ணை மூடிவிட்டார். அந்த அலைச்சலில் கற்றதையும், மற்ற நாடுகளில் இதெல்லாம் எப்படி நடந்தது என்று தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே வைக்கிறேன். உங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் ஒரு போராளியின் பெயர் நிலைக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக எழுதியது இது.

முதல் படி: எதைக் கேட்பது என்று முடிவு செய்யுங்கள்

உயிரோடு இருப்பவருக்குப் பட்டம், மறைந்தவருக்குக் கட்டடம். என் கணக்கு இவ்வளவுதான். பட்டத்தை அவரே மேடையேறி வாங்க வேண்டும். அங்கியைப் போட்டுக்கொண்டு நாலு வார்த்தை பேச வேண்டும். அம்பேத்கருக்கு அவர் படித்த கொலம்பியா பல்கலைக்கழகம் 1952 ஜூனில் கௌரவப் பட்டம் கொடுத்தது. மறு ஆண்டு ஹைதராபாத்தின் உஸ்மானியா பல்கலைக்கழகம் கொடுத்தது. 1956 டிசம்பரில் அவர் போய்விட்டார். காலத்தோடு கொடுத்த பட்டங்கள் அவை.

ஆகவே, நீங்கள் நினைத்திருப்பவருக்கு 85 வயது தாண்டியிருந்தால் வேறு எதையும் யோசிக்காதீர்கள். பட்டத்துக்கான மனுவை இந்த வாரமே கொடுங்கள். கட்டடம் எங்கேயும் போகாது, காத்திருக்கும்.

மறைந்தவர் என்றால் வழிகள் நிறைய உண்டு. கட்டடம், நூலகம், விடுதி, அரங்கம், சாலை, ஆய்வு இருக்கை, அறக்கட்டளைச் சொற்பொழிவு, மாணவர் உதவித்தொகை. இதில் நம் ஊரில் சுலபமாகக் கைகூடுவது அறக்கட்டளைச் சொற்பொழிவு. ஒரு தொகையைப் பல்கலைக்கழகத்தின் பெயரில் வைப்புநிதியாகப் போட வேண்டும். அதன் வட்டியில் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு சொற்பொழிவு நடக்கும். பெரிய எதிர்ப்பு எதுவும் வராது. ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. தொகை சின்னதாக இருந்தால் பத்து வருஷத்தில் அந்த வட்டி பேச்சாளரின் பயணச் செலவுக்குக்கூடக் காணாது. சொற்பொழிவு சத்தமில்லாமல் நின்றுவிடும். இப்படி நின்றுபோன இரண்டை நானே பார்த்திருக்கிறேன். வட்டியில் ஒரு பங்கு மறுபடியும் அசலோடு சேர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

விடுதியை யாரும் சின்னதாக நினைக்க வேண்டாம். இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் விடுதிப் பெயர்களைப் பாருங்கள்: அருணாசலம், இராமநாதன், ஜயதிலக்க, ஜேம்ஸ் பீரிஸ். இலங்கைக்கென்று ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906-லேயே இயக்கம் கட்டியவர் பொன்னம்பலம் அருணாசலம். 1915-ல் சிங்களருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே நடந்த கலவரத்தின்போது ஆங்கிலேயர் சிறையில் போட்டவர்களில் டி.பி. ஜயதிலக்க ஒருவர். அந்த அடக்குமுறையை எதிர்த்து லண்டன் வரை போய் வாதாடியவர் அருணாசலத்தின் அண்ணன் பொன்னம்பலம் இராமநாதன். ஒரு சிங்களத் தலைவரும் அவரைப் போன்றவர்களுக்காக வாதாடிய தமிழ்த் தலைவரும் இன்றைக்கும் அந்த வளாகத்தில் பக்கத்துப் பக்கத்தில் பெயராக நிற்கிறார்கள். "எந்த விடுதி?" என்று கேட்டால் பிள்ளைகள் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள். வகுப்பறைக் கட்டடத்தின் பெயர் தெரியாமலே மூன்று வருஷம் படித்து முடிக்கலாம். விடுதிப் பெயர் தெரியாமல் ஒருநாள்கூட இருக்க முடியாது.

கட்டடமே கிடைக்காவிட்டாலும் மனம் தளர வேண்டாம். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1964-ல் பேச்சுரிமைக்காக மாணவர்கள் போராடினார்கள். ஸ்ப்ரௌல் ஹால் கட்டடத்துக்குள் உட்கார்ந்த சுமார் 800 பேரை அந்த டிசம்பரில் கைது செய்தார்கள். போராட்டத்தின் குரலாக இருந்த மாரியோ சாவியோ 1996-ல் இறந்தார். மறு ஆண்டு அந்தக் கட்டடத்தின் முன்படிகளுக்கு அவர் பெயரை வைத்தார்கள். வெறும் படிக்கட்டுதான். ஆனால் அவர் நின்று பேசிய படிக்கட்டு. இடத்துக்கும் ஆளுக்கும் இப்படி ஒரு தொடர்பு இருந்தால், பத்து மாடிக் கட்டடத்தைவிட அது பெரிது.

இரண்டாம் படி: ஆதாரம் சேருங்கள்

"எல்லாருக்கும் தெரிந்த தியாகி" என்பது பல்கலைக்கழகக் கோப்பில் செல்லாது. காகிதம் வேண்டும்.

முதலில் குடும்பத்தாரிடம் போங்கள். பரணில் ஒரு தகரப்பெட்டி இருக்கும். நான் நூலகத்துக்காக மனு போட்ட தியாகியின் வீட்டிலும் இருந்தது. பழைய ரேஷன் அட்டை, மகளின் கல்யாணப் பத்திரிகை, மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு துணியில் சுற்றி, 1972-ல் மத்திய அரசு கொடுத்த தாமிரப் பட்டயம். பச்சை பிடித்துப்போயிருந்தது. அவருடைய மருமகள் புளியைப் போட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் எழுத்து தெரிந்தது. கூடவே ஓய்வூதிய மனுவின் நகலும், அதோடு இணைத்த சிறைச் சான்றும் கிடைத்தன. மத்திய அரசின் தியாகிகள் ஓய்வூதியத்துக்குக் குறைந்தது ஆறு மாதம் சிறையில் இருந்ததற்குச் சான்று காட்ட வேண்டும். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மூன்று மாதம். அதனால் ஓய்வூதியம் வாங்கிய குடும்பங்களில் இந்தக் காகிதம் பெரும்பாலும் பத்திரமாக இருக்கும். எந்தச் சிறை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று எல்லாம் அதில் இருக்கும். உங்கள் மனுவுக்கு முதுகெலும்பே அந்தக் காகிதம்தான்.

அங்கே கிடைக்காவிட்டால் எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். பழைய பத்திரிகை, துண்டறிக்கை, கட்சி வெளியீடுகளுக்குத் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். இரண்டிலும் பொறுமையோடு உட்கார வேண்டும். ஒரே பெயரில் மூன்று பேர் சிறைக்குப் போயிருப்பார்கள். தந்தை பெயரையும் ஊரையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் எதையும் குறித்துக்கொள்ளாதீர்கள். சுதந்திரத்துக்குப் பிறகு போராடியவர்கள் என்றால், சாதி ஒழிப்பு, மொழிப் போராட்டம், தொழிற்சங்கம், நில உரிமை என எதுவாக இருந்தாலும், நீதிமன்ற ஆவணங்களும் சட்டமன்றக் குறிப்புகளும் உதவும். கூட இருந்தவர்கள் உயிரோடு இருந்தால் உடனே போய்ப் பேசிப் பதிவு செய்துகொள்ளுங்கள். அதற்கு அடுத்த மாதம் என்று நாள் குறிக்காதீர்கள்.

மூன்றாம் படி: யார் கையில் அதிகாரம் என்று கண்டுபிடியுங்கள்

பாதி மனுக்கள் தப்பான மேசைக்குப் போய்த்தான் சாகின்றன. பல்கலைக்கழகக் கட்டடத்துக்குப் பெயர் வைப்பது ஆட்சிக்குழுவின் வேலை. மனு பதிவாளர் வழியாகத் துணைவேந்தருக்குப் போக வேண்டும். அரசுக் கல்லூரி என்றால் உயர்கல்வித் துறையின் உத்தரவு வேண்டும். உதவிபெறும் கல்லூரி, தனியார் கல்லூரி என்றால் நிர்வாகக் குழு.

பல்கலைக்கழகத்தின் பெயரையே மாற்றுவது என்றால் கதையே வேறு. பல்கலைக்கழகம் சட்டத்தால் பிறந்தது. பெயரும் சட்டத்தால்தான் மாறும். 1966-ல் தொடங்கிய மதுரைப் பல்கலைக்கழகம் 1978-ல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் ஆனது. சேலத்தில் 1997-ல் தொடங்கியபோதே பெரியார் பல்கலைக்கழகம் என்று பெயர் வைத்தார்கள். இவை சட்டமன்றம் வரை போக வேண்டிய காரியங்கள். தனி மனிதர் ஒருவரின் மனுவால் ஆகாது. கட்சிகளும் இயக்கங்களும் சேர்ந்து தள்ள வேண்டும்.

கௌரவப் பட்டத்துக்கான பாதையைத் தனியாகப் புரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களில் ஆட்சிக்குழு பரிந்துரைக்கும், பேரவைக்குப் போகும், கடைசியில் வேந்தர் உறுதி செய்ய வேண்டும். அந்தக் கடைசிப் படியில்தான் சங்கரய்யாவின் பட்டம் நின்றது. உங்கள் பல்கலைக்கழகத்தின் சட்டத்தை எடுத்து, கௌரவப் பட்டம் பற்றிய பிரிவை ஒரு முறையாவது படித்துவிடுங்கள். அலுவலகத்தில் "அதெல்லாம் முடியாது சார்" என்று யாராவது சொன்னால், எந்தப் பிரிவின்படி முடியாது என்று கேட்கலாம். அப்படிக் கேட்டவுடன் பேச்சின் தொனியே மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

நான்காம் படி: மனுவை எழுதுங்கள்

ஒரே பக்கம். ஆதாரங்கள் எல்லாம் பின்னிணைப்பில். முதல் பத்தியில் என்ன கேட்கிறீர்கள் என்று நேராகச் சொல்லுங்கள்: எந்தக் கட்டடம், எந்தப் பெயர், எந்த எழுத்துக்கூட்டல். இரண்டாவது பத்தியில் அவர் யார், என்ன செய்தார். மூன்றாவதில் அவருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் உள்ள தொடர்பு. இந்த மூன்றாவது பத்திக்கு நீங்கள் எவ்வளவு நேரம் செலவழித்தாலும் தகும். அங்கே படித்தாரா, அங்கேயிருந்து நீக்கப்பட்டாரா, அந்த வட்டாரத்தில் போராடினாரா, அவர் நடத்திய பள்ளியிலிருந்து பிள்ளைகள் அங்கே படிக்கப் போனார்களா? தொடர்பு இல்லாத பெயரை ஒரு ஆட்சி வைக்கும், அடுத்த ஆட்சி மறக்கும்.

பெயரைப் பற்றி ஒரு விஷயம். நீளமான பெயரை மக்கள் சுருக்கிவிடுவார்கள். சுருக்கும்போது எது மிஞ்சும் என்று முன்கூட்டியே யோசியுங்கள். தூத்துக்குடியில் 1951-ல் தொடங்கிய வ.உ.சி. கல்லூரியைச் சுருக்கினாலும் வ.உ.சி. அப்படியே இருக்கிறார், ஏனென்றால் நாம் அவரை அழைப்பதே அப்படித்தான். பெரியார் பல்கலைக்கழகம் "பெரியார் யுனிவர்சிட்டி" ஆகிறது, பெயர் போகவில்லை. ஆனால் மதுரையில் பஸ்ஸில் ஏறினால் "எம்.கே.யூ." என்கிறார்கள். காமராசர் அங்கே ஒற்றை எழுத்தாகிவிட்டார். தலைப்பெழுத்து, பட்டம், அடைமொழி எல்லாவற்றையும் சேர்த்து அடுக்காமல், ஊரார் அவரை எப்படிக் கூப்பிட்டார்களோ அந்தப் பெயரைக் கேளுங்கள்.

ஐந்தாம் படி: ஊரோடு பேசுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதித்தால் என்ன ஆகும் என்பதற்கு மராத்வாடாவைப் போலப் பெரிய பாடம் வேறு இல்லை.

மகாராஷ்டிரத்தின் ஔரங்காபாத்தில், இன்று சத்ரபதி சம்பாஜிநகர், 1958-ல் மராத்வாடா பல்கலைக்கழகம் தொடங்கியது. நிஜாம் ஆட்சியில் பின்தங்கிக் கிடந்த அந்தப் பகுதிக்கு உயர்கல்வி வேண்டும் என்று அதற்கும் முன்னாலேயே அங்கே வந்தவர் அம்பேத்கர். அவருடைய மக்கள் கல்விக் கழகம் 1950-ல் அங்கே தொடங்கிய கல்லூரிதான் பின்னாளில் மிலிந்த் கல்லூரி. அதனால் பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயரை வையுங்கள் என்று தலித் மாணவர்கள் கேட்டது ரொம்ப நியாயம். 1978 ஜூலை 27-ஆம் தேதி மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவைகளும் தீர்மானம் நிறைவேற்றின. அப்போது முதலமைச்சர் சரத் பவார். பதவியேற்றுப் பத்து நாள்கூட முழுதாக ஆகவில்லை.

அன்று இரவே மராத்வாடாவில் வன்முறை தொடங்கியது. தலித் குடியிருப்புகளை எரித்தார்கள். ஆயிரக்கணக்கானோர் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். நாந்தேட் மாவட்டத்தில் போச்சிராம் காம்ப்ளே என்பவர் கொல்லப்பட்டார். தீர்மானம் அப்படியே கிடப்பில் போனது. 1979-ல் ஜோகேந்திர கவாடே தலைமையில் அம்பேத்கர் பௌத்தம் தழுவிய இடமான நாக்பூர் தீட்சா பூமியிலிருந்து ஔரங்காபாத் நோக்கி நெடும்பயணம் கிளம்பியது. கைது, தடியடி, உண்ணாவிரதம் என்று 16 ஆண்டுகள் ஓடின. உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. கடைசியில் 1994 ஜனவரி 14-ஆம் தேதி, மறுபடியும் சரத் பவார் முதலமைச்சராக இருந்தபோது, பெயர் அறிவிக்கப்பட்டது: டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர் மராத்வாடா பல்கலைக்கழகம். "மராத்வாடா" என்ற சொல்லை எடுக்கவில்லை. முழுப் பெயர் மாற்றமாக இல்லாமல் பெயரை நீட்டிய சமரசம் அது. அதனால்தான் போராட்டத்தின் பெயர் நாமாந்தர், அதாவது பெயர் மாற்றம். கொண்டாடும் நாளின் பெயரோ நாம்விஸ்தார் நாள், பெயர் விரிவு நாள்.

தீர்மானம் கொண்டு வந்தவர்கள் தப்பு செய்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சாதி வெறி எந்தத் தேதியில் தீர்மானம் வந்தாலும் கொந்தளித்திருக்கும். ஆனால் கிராமங்களில் இருந்தவர்களுக்குப் பாதுகாப்பு என்ன, எதிர்ப்பவர்களிடம் யார் போய்ப் பேசுவது என்று எதையும் ஏற்பாடு செய்யாமல் தலைநகரில் கையைத் தூக்கித் தீர்மானத்தை நிறைவேற்றிவிட்டார்கள். அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் ஏழைகள்.

நமக்கும் இது புதிது கிடையாது. 1997-ல் கட்டபொம்மனின் தளபதியான வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகம் அமைந்தபோது தென் மாவட்டங்களில் சாதிக் கலவரம் மூண்டது. கடைசியில் தமிழ்நாட்டில் மாவட்டங்கள், போக்குவரத்துக் கழகங்கள் எல்லாவற்றிலிருந்தும் தலைவர்கள் பெயரையே எடுத்துவிட்டார்கள். பல்கலைக்கழகங்கள் மட்டும் தப்பின.

ஆகவே மனு கொடுப்பதற்கு முன்னால் ஆசிரியர் சங்கம், மாணவர் அமைப்புகள், ஊழியர் சங்கம், பழைய மாணவர்கள் எல்லாரையும் பாருங்கள். எதிர்ப்பார் என்று நினைக்கிறவரை முதலில் பாருங்கள். குடும்பத்தின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். அந்தப் போராளியை ஒரு சாதியின் ஆளாகச் சுருக்கும் சுவரொட்டியை நம் பக்கத்து ஆட்களே ஒட்டிவிடுவார்கள். அதைத் தடுப்பதும் நம் பொறுப்பு.

ஆறாம் படி: பல்கலைக்கழகமே அநியாயம் செய்திருந்தால்

கௌரவம் கொடுக்கும் நிறுவனமே ஒரு காலத்தில் அந்த மனிதரைத் துரத்தியிருக்கலாம். அப்படியானால் மன்னிப்பு முதலில் வர வேண்டும், பெயர்ப்பலகை பிறகு.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் பல்கலைக்கழகம் 1968-ல் ஆர்ச்சி மஃபேஜே என்ற கறுப்பின அறிஞரைச் சமூக மானுடவியல் துறையில் முதுநிலை விரிவுரையாளராகத் தேர்ந்தெடுத்தது. அங்கேயே படித்தவர் அவர். நிறவெறி அரசு மிரட்டியது. பல்கலைக்கழக நிர்வாகம் பணிந்து நியமனத்தை ரத்து செய்தது. அந்த ஆகஸ்டில் நூற்றுக்கணக்கான மாணவர்கள், பெரும்பாலும் வெள்ளையர்கள், பிரெம்னர் என்ற நிர்வாகக் கட்டடத்துக்குள் போய் ஒன்பது நாள் உட்கார்ந்தார்கள். பலன் இல்லை. மஃபேஜே பல நாடுகளில் பேராசிரியராக வாழ்ந்தார். நிறவெறி ஆட்சி முடியும் காலத்தில், 1990-களில், அதே பல்கலைக்கழகத்தில் மறுபடி விண்ணப்பித்தார். அப்போதும் வேலை கிடைக்கவில்லை. 2003-ல் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டுக் கௌரவப் பட்டம் தருகிறோம் என்றது. அவர் பதிலே போடவில்லை. 2007-ல் இறந்தார். 2008-ல், போராட்டத்தின் 40-ஆம் ஆண்டில், அவருடைய குடும்பத்தாரிடம் முறையாக மன்னிப்புக் கேட்டார்கள், பட்டத்தையும் கொடுத்தார்கள். மாணவர்கள் உட்கார்ந்திருந்த அதே பிரெம்னர் கட்டடத்தில் ஓர் அறைக்கு மஃபேஜே என்று பெயர் வைத்தார்கள்.

அந்த அறையைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு நேர்மை இருக்கிறது. எங்கே தப்பு நடந்ததோ அங்கேயே பெயர் வந்தது. அவர் பதில் போடாமல் இருந்ததும் ஒரு பதில்தான் என்று நான் நினைக்கிறேன். பட்டத்தை மறுக்க அவருக்கு முழு உரிமை உண்டு. நீங்கள் முன்மொழிகிறவர் உயிரோடு இருந்தால், மனு போடுவதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஏழாம் படி: கோப்போடு கூடவே நடங்கள்

பட்டமளிப்பு விழாத் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். பேரவை ஆண்டுக்குச் சில முறைதான் கூடும். அதற்கு முன் ஆட்சிக்குழு. அதற்கும் முன் மனு நிகழ்ச்சி நிரலில் ஏற வேண்டும். வேந்தர் அலுவலகத்தில் எத்தனை நாள் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. என் கணக்கில் ஒரு வருஷத்துக்குக் குறைந்தால் நம்பிக்கை வைக்காதீர்கள்.

மனு கொடுத்தவுடன் முத்திரையோடு கூடிய ஒப்புகை வாங்குங்கள். மாதம் ஒருமுறை போய், கோப்பு எண்ணைச் சொல்லி, எந்தப் பிரிவில் இருக்கிறது என்று கேளுங்கள். பிரிவு எழுத்தரிடம் மரியாதையாகப் பேசுங்கள். பல நேரங்களில் துணைவேந்தரைவிட அவருக்குத்தான் விவரம் தெரியும். மூன்று மாதம் அசையவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம். நான் தவறவிட்டது இதைத்தான். நல்லவர்கள், பார்த்துக்கொள்வார்கள் என்று ஐந்து மாதம் கேட்காமலே இருந்துவிட்டேன். போய்ப் பார்த்தபோது மனு ஓர் ஓய்வுபெற்ற அதிகாரியின் பழைய மேசை இழுப்பறையில், பிரிக்காத உறையில் இருந்தது.

எட்டாம் படி: பெயர்ப்பலகை

தீர்மானம் நிறைவேறியவுடன் வேலை முடிந்தது என்று எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். எங்கள் நூலகக் கட்டடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு வந்தது. கறுப்புக் கருங்கல், தங்க எழுத்து. மேலே அன்றைய முக்கியஸ்தர்கள் ஐந்து பேர், பெரிய எழுத்தில், பதவியோடு. தியாகியின் பெயர் ஆறாவது வரியில், "நினைவாக" என்ற சொல்லோடு சின்னதாக. தலைப்பெழுத்தும் தப்பு. அந்த மருமகள் விழாவுக்கு வந்து கல்லின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். "மாமா பேரு எங்க இருக்கு தம்பி?" என்று என்னிடம் கேட்டார். எனக்குப் பேச்சே வரவில்லை.

அதனால் சொல்கிறேன். கல்வெட்டின் வாசகத்தைத் தீர்மானத்தின் பகுதியாகவே வைக்கச் சொல்லுங்கள். பெயர், பிறப்பு இறப்பு ஆண்டுகள், அவர் என்ன செய்தார் என்று இரண்டே வரி. "சிறந்த தேசபக்தர்" போன்ற பொதுவான வார்த்தை வேண்டாம். எதற்காக, எத்தனை மாதம், எந்தச் சிறையில் என்று எழுதுங்கள். திறந்து வைத்தவர்களுக்கு வேண்டுமானால் வேறொரு சுவரில் தனிக் கல் வைக்கட்டும். கல் வெட்டப் போவதற்கு முன் குடும்பத்தாரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள்.

அப்புறம் வளாக வரைபடம், தேர்வு அறை ஒதுக்கீட்டுப் பட்டியல், இணையதளம், கூகுள் மேப் எல்லாவற்றிலும் பெயரை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். தேர்வு நுழைவுச்சீட்டில் "பழைய பி பிளாக்" என்றே அச்சாகிக்கொண்டிருந்தால் சுவரில் இருக்கும் பெயர் யார் வாயிலும் வராது.

வாயில் வந்துவிட்டால் சுவருக்குத் தானாக வரும். ஜோகன்னஸ்பர்க்கின் விட்ஸ் பல்கலைக்கழகத்தில் 2015 அக்டோபரில் கட்டண உயர்வை எதிர்த்து மாணவர்கள் செனட் ஹவுஸ் கட்டடத்தில் திரண்டார்கள். அங்கே உட்கார்ந்தபடியே அதைச் சாலமன் மஹ்லாங்கு இல்லம் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நிறவெறி அரசு 1979 ஏப்ரல் 6-ஆம் தேதி தூக்கிலிட்ட இளைஞர் மஹ்லாங்கு, வயது 22. நிர்வாகமும் பின்னர் அந்தப் பெயரையே ஏற்றுக்கொண்டது. 2017-ல் அங்கே மையக் கட்டடத்துக்கு ராபர்ட் சொபுக்வே பெயரை வைத்தார்கள். அங்கே ஆப்பிரிக்க மொழி கற்பித்த ஆசிரியர் அவர். 1960 மார்ச்சில், கறுப்பின மக்கள் எப்போதும் அனுமதிச்சீட்டு வைத்திருக்க வேண்டும் என்ற சட்டத்துக்கு எதிரான போராட்டத்தை நடத்த வேலையை விட்டுவிட்டுப் போனவர்.

கொடுத்ததைத் திரும்ப வாங்க நேர்ந்தால்

இதையும் யோசித்துத்தான் ஆக வேண்டும். எடின்பரோ பல்கலைக்கழகம் 1984-ல் ஜிம்பாப்வேயின் ராபர்ட் முகாபேக்குக் கௌரவப் பட்டம் கொடுத்தது. வெள்ளையர் ஆட்சியை எதிர்த்துப் பத்தாண்டு சிறையில் இருந்த விடுதலைத் தலைவர் என்றுதான் அன்று உலகம் அவரைப் பார்த்தது. ஆட்சிக்கு வந்த பிறகு அவர் செய்த அடக்குமுறைகளுக்காக 2007-ல் அந்தப் பட்டத்தைப் பறித்தார்கள். மறு ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகமும் தான் 1986-ல் கொடுத்ததைப் பறித்தது. போராளி ஆட்சிக்கு வந்த பிறகு அவரைப் புகழ்வதில் அவசரம் காட்டாதீர்கள். பதவியில் இருப்பவருக்குப் பட்டம் கேட்டு என்னிடம் யாராவது வந்தால், பதவி முடிந்த பிறகு வாருங்கள் என்றுதான் சொல்வேன்.

ஆண்டுதோறும்

பெயர் வைத்த தேதியைப் பல்கலைக்கழக நாட்காட்டியில் ஏற்றச் சொல்லுங்கள். அன்று பெரிய விழா எதுவும் வேண்டாம். முதலாண்டுப் பிள்ளைகளைக் கட்டடத்தின் முன் நிறுத்தி, அவர் யார் என்று பத்து நிமிஷம் சொன்னால் போதும். சொல்வதற்கு ஓர் ஆசிரியர், அவர் ஓய்வுபெற்றால் அடுத்து யார் என்பதையும் எழுதி வையுங்கள்.

ஔரங்காபாத்தில் அதை யாரும் எழுதி வைக்க வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு ஜனவரி 14-ஆம் தேதியும் பல்கலைக்கழக வாயில் முன்னால் மக்கள் கூடுகிறார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு நாளும் படிக்காதவர்கள்கூடக் குழந்தை குட்டிகளோடு ஊர்களிலிருந்து வந்து, வாயிலின் மேலே இருக்கும் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.